கம்பெனிக் கண்ணாடியா? கடைக் கண்ணாடியா?

கார் முன்கண்ணாடி உடைந்தால் எதை மாற்றுவது? டிரைவர்களும் சொந்தக் கார் வைத்திருப்போரும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

'டக்' என்று ஒரு சத்தம்! சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் சக்கரத்தில் இருந்து தெறித்த சிறு கல் அது. கண்ணாடியில் முதலில் ஒரு புள்ளிதான் தெரியும். வாஷிப் பாலத்தைத் தாண்டிச் செம்பூர் வந்து சேர்வதற்குள் அந்தப் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். மறுநாள் வெயில் ஏறியதும் கண்ணாடியின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை கீறல் ஓடியிருக்கும்.

மும்பையில் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. கண்ணாடி மாற்றும் செலவு ஒரு பக்கம். வண்டி நிற்கும் நாளின் வருமான இழப்பு மறு பக்கம். முதலாளியின் காரை ஓட்டுகிறவராக இருந்தால், "உன் கவனக் குறைவால்தானே உடைந்தது?" என்ற பேச்சையும் கேட்க வேண்டி வரலாம்.

கண்ணாடிக் கடையில் போய் நின்றால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"கம்பெனி கா சாஹியே, யா லோக்கல்?"

கம்பெனி முத்திரை போட்ட கண்ணாடியின் விலை அதிகம். வெளிச்சந்தைக் கண்ணாடியின் விலை குறைவு. எதை வாங்குவது? குறைந்த விலைக் கண்ணாடி உயிருக்கு ஆபத்தா? அல்லது 'கம்பெனி' என்ற பெயருக்காகத்தான் கூடுதல் பணம் கேட்கிறார்களா?

இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், உயிரும் தப்பும்.

குர்லாவில் பிறந்த கார்

இந்தக் கேள்வி மும்பைக்குப் புதிது அல்ல. இந்த நகரத்தின் கறுப்பு–மஞ்சள் டாக்சிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சந்தித்துவிட்டன.

தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1944-ஆம் ஆண்டு தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை குர்லாவில் இருந்தது. தாராவியில் இருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இத்தாலி நாட்டு பியட் நிறுவனத்தின் கார்களை அங்கே தயாரித்தார்கள். பியட் 1100 என்ற அந்தக் கார், 1970-களின் நடுப்பகுதியில் 'பிரீமியர் பத்மினி' என்று பெயர் மாறியது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது. ஆனால் மும்பை மக்கள் கடைசி வரை அதை 'பியட்' என்றே அழைத்தார்கள்.

தொழிற்சாலை ஓடிய காலத்தில் கண்ணாடி உடைந்தால் கம்பெனிச் சரக்கு கிடைத்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பத்மினி உற்பத்தி முடிவுக்கு வந்தது. கார் நின்றுவிட்டது, ஆனால் டாக்சிகள் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான பத்மினிகள் மும்பைத் தெருக்களில் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு இனிமேல் கம்பெனிக் கண்ணாடி எங்கே கிடைக்கும்?

கடைகளில் தேங்கிய பழைய சரக்கு கொஞ்ச நாள் வந்தது. பிறகு வெளியார் தயாரித்த கண்ணாடி வந்தது. அதுவும் கிடைக்காதபோது, குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய சாமான் கடைகளில், உடைக்க வந்த வண்டியில் இருந்து கழற்றிய கண்ணாடியைத் தேடிப் பிடித்தார்கள். கம்பெனியா, கடையா என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போயிற்று!

தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கடைசிப் பத்மினி டாக்சி 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி பதிவானது. டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. எனவே 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதியோடு மும்பையில் பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்தது.

அந்த டாக்சிகள் இத்தனை ஆண்டு ஓடியதற்கு வெளிச்சந்தை உதிரிப் பாகங்களும் ஒரு காரணம். எனவே, 'கடைச் சரக்கு என்றாலே மட்டம்' என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டு வகைக் கண்ணாடி

விலையைப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியின் வகையைப் பார்க்க வேண்டும். காரில் இரண்டு வகைக் கண்ணாடிகள் உண்டு.

முதலாவது, 'டெம்பர்டு' அல்லது 'டஃபண்டு' என்று சொல்லப்படும் கடினப்படுத்திய கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றை அடித்துச் சட்டென்று குளிர்விப்பார்கள். இதனால் அதன் பலம் கூடுகிறது. உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாக உடையாது. கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும். பெரும்பாலான கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் இந்த வகைதான்.

இரண்டாவது, 'லேமினேட்டட்' என்னும் அடுக்குக் கண்ணாடி. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம். நடுவில் உள்ள ஏடு முக்கால் மில்லிமீட்டர்தான். கல் பட்டால் கண்ணாடி கீறும், ஆனால் உதிராது. நடு ஏடு துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த அடுக்குக் கண்ணாடி பிறந்த கதை சுவையானது. பிரான்சு நாட்டு ரசாயன நிபுணர் எடுவார் பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 1903-ஆம் ஆண்டு ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. என்ன காரணம் என்று பார்த்தார். குடுவையில் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, உட்புறம் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அதுதான் துண்டுகளைச் சிதற விடாமல் பிடித்து வைத்திருந்தது. 1909-ஆம் ஆண்டு அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் வேறு நல்ல பிளாஸ்டிக் வந்தது. அடிப்படை யோசனை இன்றும் அதுதான்.

முன்பெல்லாம் நம் நாட்டுக் கார்களில் முன்கண்ணாடியும் கடினப்படுத்திய வகையாக இருப்பதுண்டு. ஒரு கல் பட்டால் போதும். கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் பால் போல் வெளுத்துவிடும். எதிரே வருவது லாரியா, சுவரா என்று தெரியாது! டிரைவர் கையால் குத்தித் துளை போட்டு, அதன் வழியே பார்த்து வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி இதற்கு முடிவு கட்டியது. 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அது அமலுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தயாரிக்கப்படும் கார்களின் முன்கண்ணாடி, அடுக்குக் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். அதாவது 1996-ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த எந்தக் காரிலும் முன்னால் கடினப்படுத்திய கண்ணாடி போடக் கூடாது. யாராவது "இது கெட்டியான கண்ணாடி, விலையும் குறைவு" என்று காட்டினால், ஏமாந்துவிடக் கூடாது.

'கம்பெனி' என்றால் யார்?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஓர் உண்மை இருக்கிறது. கார் கம்பெனிகள் பொதுவாகக் கண்ணாடியைத் தாங்களே செய்வது இல்லை. கண்ணாடிக் கம்பெனிகளிடம் இருந்து வாங்கித்தான் பொருத்துகின்றன.

இந்தியாவில் இந்தத் தொழிலில் பெரிய பெயர் அசாகி இந்தியா. 1984-ஆம் ஆண்டு, ஜப்பானின் அசாகி கிளாஸ், மாருதி உத்யோக் ஆகிய நிறுவனங்களின் பங்கோடு பதிவான நிறுவனம் இது. இதன் முதல் தொழிற்சாலை ஹரியானாவில் உள்ள பாவலில் அமைந்தது. பிரான்சின் செயின்ட் கோபேன் நிறுவனத்தின் 'செக்யூரிட்' கண்ணாடி புணே வட்டாரத்தில் தயாராகிறது. அதே குழுமம் 2000-ஆம் ஆண்டில் நம் ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கியது.

இந்த நிறுவனங்கள் கார் கம்பெனிக்கும் கண்ணாடி தருகின்றன. வெளிச்சந்தையிலும் தங்கள் பெயரில் விற்கின்றன. ஒன்றில் கார் கம்பெனியின் முத்திரை இருக்கும். மற்றதில் கண்ணாடிக் கம்பெனியின் முத்திரை மட்டும் இருக்கும்.

ஆக, சந்தையில் இருப்பது இரண்டு ரகம் அல்ல, நான்கு ரகம்:

1. கார் கம்பெனி முத்திரையுடன் ஷோரூமில் கிடைப்பது.

2. பெயர் பெற்ற கண்ணாடிக் கம்பெனி தன் பெயரில் வெளிச்சந்தையில் விற்பது.

3. அதிகம் தெரியாத பெயரில் அல்லது இறக்குமதியாகி வருவது.

4. பழைய வண்டியில் இருந்து கழற்றியது.

'லோக்கல்' என்ற ஒரே சொல்லில் கடைக்காரர் இரண்டாவது ரகத்தையும் குறிப்பிடுவார்; மூன்றாவதையும் குறிப்பிடுவார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். எனவே, "லோக்கல் என்றால் எந்தக் கம்பெனி?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மூலையில் உள்ள எழுத்து

கண்ணாடியின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் சில வரிகள் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடியின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது!

முதலில் தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டும். 'லேமினேட்டட்' என்ற சொல்லோ அதன் குறியீடோ இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதனுடன் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் முக்கியம். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர நிர்ணயம் இதுதான். இதன் இரண்டாம் பகுதி சாலை வாகனங்களுக்கு உரியது. 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு பாதுகாப்புக் கண்ணாடிக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்து, இந்த முத்திரையைக் கட்டாயம் ஆக்கியது.

முத்திரையுடன் ஓர் உரிம எண் இருக்கும். அது உண்மையான எண்தானா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை.

சில கண்ணாடிகளில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் விதிப்படி சோதிக்கப்பட்டது என்பதற்கு அது அடையாளம்.

இந்த எழுத்துகள் கண்ணாடியிலேயே பதிந்திருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் உரிகிறதா? அது ஸ்டிக்கர். உடனே கடையை மாற்ற வேண்டியதுதான்.

கண்ணால் செய்யும் சோதனை

எழுத்து சரியாக இருந்தாலும் கண்ணாடியைக் கண்ணால் சோதித்துவிட வேண்டும்.

கண்ணாடியை நிறுத்தி வைத்து, அதன் வழியாகத் தூரத்தில் உள்ள ஒரு மின்கம்பத்தைப் பார்க்க வேண்டும். தலையை மெதுவாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். கம்பம் நேராகவே நின்றால் நல்லது. பாம்பு போல நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். வளைவை ஒழுங்காக வார்க்காத கண்ணாடி அது. பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் எதிர் வண்டி வெளிச்சம் இரண்டாகத் தெரியும். பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவருக்குக் கண் வலியும் தலை வலியும் வந்து சேரும்.

ஓரங்களைக் கையால் தடவாமல் கண்ணால் பார்க்க வேண்டும். சின்னச் சிதைவு இருந்தால் பிற்பாடு அங்கிருந்துதான் கீறல் கிளம்பும். ஓரத்தில் பால் போல் வெண்மை படர்ந்திருந்தால் நடு ஏடு பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய கண்ணாடியில் இது அதிகம்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கறுப்புப் படலம் ஒட்டுவதற்குத் தடை விதித்த பிறகு போலீசார் இதை நன்றாகவே கவனிக்கிறார்கள். 'வெயிலுக்கு நல்லது' என்று சொல்லிக் கறுத்த கண்ணாடியைத் தலையில் கட்டினால், அபராதம் கட்டப் போவது கடைக்காரர் அல்ல!

கண்ணாடியும் ஒரு தூண்

பழைய பத்மினியில் முன்கண்ணாடி ஒரு ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, உள்ளே இருந்து கயிற்றை மெல்ல இழுப்பார். ரப்பர் உதடு தானாக மடிந்து உட்கார்ந்துவிடும். அரை மணி நேரத்தில் வண்டி புறப்பட்டுவிடும்.

இன்றையக் கார் அப்படி அல்ல. பாலியூரிதேன் என்ற பசையால் கண்ணாடியை உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். கண்ணாடி இப்போது காற்றுத் தடுப்பு மட்டும் அல்ல. கூரையைத் தாங்கும் தூண்களில் ஒன்று. வண்டி குப்புறக் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் இருக்க அதுவும் உதவுகிறது.

இன்னொன்றும் உண்டு. முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப் பை விரியும்போது, பல கார்களில் அது முன்கண்ணாடியில் மோதி, அதன் பிடிப்பில்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. 2021-ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் இந்தக் காற்றுப் பை கட்டாயம். கண்ணாடி சரியாக ஒட்டப்படாமல் இருந்தால் என்ன ஆகும்? பை விரிந்த வேகத்தில் கண்ணாடி வெளியே பறக்கும்; பையும் பயணியைக் காக்காது. கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிற விஷயம் இது.

தாராவி டீக்கடைகளில் இப்படி ஒரு பேச்சு நடப்பதுண்டு:

"அண்ணாச்சி, ரெண்டும் கண்ணாடிதானே? எதைப் போட்டா என்ன?"

"கண்ணாடி எதுவா வேணாலும் இருக்கட்டும் தம்பி. ஒட்டுறவன் கை எப்படி? அதைக் கேட்டியா?"

அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல கம்பெனிக் கண்ணாடியை அரைகுறையாக ஒட்டினால், அது ஒழுங்காக ஒட்டிய வெளிச்சந்தைக் கண்ணாடியை விட ஆபத்தானது.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை

பழைய கண்ணாடியை மெல்லிய கம்பியால் அறுத்து எடுப்பார்கள். பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தால், அந்த இடத்தில் பிரைமர் பூச வேண்டும். பூசாமல் ஒட்டினால், மும்பையின் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். துரு வந்தால் பசை பிடிக்காது, தண்ணீர் கசியும்.

பசை எது என்று கேட்க வேண்டும். குழாயடியில் பூசும் சாதாரண சிலிக்கான் கூடாது. கார் கண்ணாடிக்கு உரிய பாலியூரிதேன் பசையாக இருக்க வேண்டும். காலாவதி ஆகாத டியூப்பாக இருக்க வேண்டும்.

இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. எனவே மும்பைப் புழுக்கம் ஒரு வகையில் நல்லதே! ஆனால் ஒட்டும் இடம் நனைந்திருக்கக் கூடாது. ஆனி, ஆடி மழையில் தெருவோரத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒட்டுவது வேண்டாத வேலை. கூரை உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

பசை இறுக எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். சில பசைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். சிலவற்றுக்குப் பல மணி நேரம் வேண்டும். அது டியூப்பிலேயே எழுதியிருக்கும். "சவாரி காத்திருக்கிறது" என்று அவசரப்பட்டு வண்டியை எடுப்பவர்கள் உண்டு. அரை நாள் வருமானம் பெரிதுதான். ஆனால் பசை இறுகும் முன் விபத்து நடந்தால், அந்தக் கண்ணாடி இருந்தும் இல்லாததே.

அன்று முழுவதும் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கி வைத்திருப்பது நல்லது. ஓரிரு நாளைக்குக் குழாய் வைத்து அடித்துக் கழுவக் கூடாது.

காப்பீடு தருமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒரு காசும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால் கிடைக்கும்.

அதிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. கார் எத்தனை ஆண்டு பழையதாக இருந்தாலும் கண்ணாடியின் விலை முழுவதும் கணக்கில் வரும். சொந்த உபயோகக் கார்களில், என்ஜின் 1500 சி.சி. வரை என்றால் ரூ.1,000-ம், அதற்கு மேல் என்றால் ரூ.2,000-ம் கட்டாயமாகக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி உள்ளது. அதுதான் 'நோ கிளெய்ம் போனஸ்'. இழப்பீடு கேட்காமல் ஓர் ஆண்டு ஓட்டினால் மறு ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு அது 25, 35, 45 என்று ஏறி, 50 சதவீதத்தில் நிற்கும். ஒரு முறை இழப்பீடு கேட்டால் பொதுவாக அது சுழிக்கு இறங்கிவிடும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாட்டுங்காவில் குடியிருக்கும் ஒரு கிளார்க் சிறிய கார் வைத்திருக்கிறார். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.5,000. இப்போது 35 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறார். கண்ணாடிச் செலவு ரூ.6,000. கம்பெனி ரூ.1,000 கழித்து ரூ.5,000 தருகிறது.

இழப்பீடு கேட்காமல் இருந்தால், அடுத்த ஆண்டு 45 சதவீதம். அதன் பிறகு ஆண்டுதோறும் 50 சதவீதம் தள்ளுபடி. கேட்டால், அடுத்த ஆண்டு ஒன்றும் இல்லை. பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி படி ஏற வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஏற்படும் வித்தியாசம் 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால் ரூ.6,000 நஷ்டம்!

கைக்கு வந்தது ஐந்தாயிரம்; கையை விட்டுப் போனது ஆறாயிரம். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

எல்லோருக்கும் இதே கணக்கு வராது. கண்ணாடி விலை மிக அதிகமான கார் என்றால், இழப்பீடு கேட்பதே லாபம். போனசைக் காப்பாற்றித் தரும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தாலும் கவலை இல்லை. எனவே பாலிசியை எடுத்துப் படித்து, ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இழப்பீடு கேட்பது என்று முடிவு செய்தால், கண்ணாடியைக் கழற்றும் முன்பே கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மாற்றிவிட்டுப் போய்ச் சொன்னால் பணம் கிடைப்பது கடினம்.

யாருக்கு எது ஏற்றது?

புதிய கார், கண்ணாடியின் மேல் நடுவில் கேமரா உள்ள கார்: கம்பெனிக் கண்ணாடியே நல்லது. முன் வண்டி நெருங்கினால் எச்சரிக்கும், தானாகப் பிரேக் போடும் கருவிகள் அந்தக் கேமராவை நம்பி இருக்கின்றன. கண்ணாடி மாறிய பிறகு கேமராவைக் கருவி வைத்துத் திருத்தி அமைக்க வேண்டும். அதற்கான செலவு பில்லில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டுக் கம்பெனி பணம் தரும் கார்: கம்பெனிக் கண்ணாடியையே கேட்டு வாங்கலாம். விலை வித்தியாசம் கையில் இருந்து போகப் போவது இல்லை.

கேமரா இல்லாத பழைய கார், சொந்தப் பணம்: பெயர் பெற்ற கண்ணாடிக் கம்பெனியின் வெளிச்சந்தைக் கண்ணாடி போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, நல்ல பசை, தேர்ந்த கை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மிஞ்சும் பணத்தில் புதிய வைப்பர் பிளேடு போட்டுவிடலாம். தேய்ந்த பிளேடு புதுக் கண்ணாடியையும் ஒரே மழையில் கீறிவிடும்.

உற்பத்தி நின்றுபோன பழைய கார்: கழற்றிய கண்ணாடிதான் கிடைக்கிறது என்றால், கீறலும் ஓரச் சிதைவும் வெண்மையும் இல்லாததாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும்.

யாருக்கும் கூடாதது: பெயர் இல்லாத, முத்திரை இல்லாத, பில் இல்லாத கண்ணாடி.

மாற்றாமலே தப்பலாம்

கல் பட்ட எல்லாக் கண்ணாடியையும் மாற்ற வேண்டியது இல்லை. புள்ளி ஒரு நாணய அளவுக்குள் இருந்து, டிரைவரின் பார்வைக்கு நேராக இல்லாமலும், ஓரத்தை ஒட்டி இல்லாமலும் இருந்தால், பிசினைச் செலுத்தி அடைத்துவிடலாம். கம்பெனியே ஒட்டிய பழைய ஒட்டு அப்படியே இருக்கும். செலவும் மிகக் குறைவு.

ஆனால் தாமதம் கூடாது. புள்ளிக்குள் தூசியும் தண்ணீரும் புகும் முன் செய்ய வேண்டும். அதுவரை புள்ளியின் மேல் ஒரு செலோ டேப்பை ஒட்டி வைக்கலாம். கொதிக்கும் கண்ணாடியில் ஏ.சி. காற்றை நேராக அடிக்க விடக் கூடாது, கீறல் ஓடிவிடும்.

முதலாளியின் காரை ஓட்டுகிறவர்கள் உடனே செல்போனில் படம் எடுத்து, இடம், நேரத்துடன் அனுப்பிவிட வேண்டும். இரண்டு நாள் மறைத்து வைத்தால் புள்ளி கீறலாகும். நம்பிக்கையிலும் கீறல் விழும்.

கண்ணாடியை மாற்றினால் பாஸ்டேக் ஸ்டிக்கரும் அதோடு போய்விடும். கிழித்து ஒட்டினால் வேலை செய்யாது. புதியதுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், சுங்கச் சாவடியில் கூடுதல் கட்டணம் கட்ட நேரிடும்.

வேலை முடிந்ததும் பில் வாங்க மறக்கக் கூடாது. கண்ணாடியின் கம்பெனிப் பெயர், மூலையில் உள்ள எண், பசையின் பெயர், உத்தரவாதக் காலம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். முதல் மழையில் கூரையோரம் ஒரு சொட்டுக் கசிந்தாலும், அந்தப் பில்லோடு போய் நின்று கேட்கலாம். பில் இல்லாவிட்டால், "நாங்கள் போட்ட கண்ணாடி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்பதே பதிலாக இருக்கும்.